உப்புத் தண்ணீர் ஊரில் சடை நாய்க்குக் குளியல்

ஏரி வாசலிலேயே கிடக்கிறது, நாயை அதில் இறக்கிவிட்டால் குளித்த மாதிரிதானே என்று பழவேற்காட்டுப் பக்கம் தோன்றுவது இயல்பு. பொமரேனியன் போன்ற சடை நாய்க்கு அது குளியல் ஆகாது. முகத்துவாரம் வழியாகக் கடல் ஏறி இறங்கும் ஏரி அது. அந்த உப்பு முடியில் தங்கினால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். தோல் அரிக்கும், நாய் நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும்.

சடை நாய்க்கு இரண்டு அடுக்கு முடி. மேலே நீளமான முடி, அடியில் பஞ்சு மாதிரி உள்முடி. தொல்லையெல்லாம் இந்த உள்முடியில்தான். அதனால் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே சிக்கெடுத்துவிட வேண்டும். நனைந்த கயிற்றில் முடிச்சு இறுகுவதைப் பார்த்திருப்பீர்கள், முடியும் அப்படித்தான். காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பாருங்கள். மணலும் புல்விதையும் சேர்ந்து புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்படும். அதன் அடிமுடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள். அடியிலிருந்து இழுத்தால் வலிக்கும், அடுத்த முறை சீப்பைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஓடிவிடும். அக்குளையும் வாலடியையும் மறக்காதீர்கள். விரலிடுக்கில் உண்ணி இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் தடவுவது வேண்டவே வேண்டாம்.

நம் ஷாம்பு நாய்க்கு ஆகாது. நம் தோல் சற்றே அமிலத்தன்மை உள்ளது, நாயின் தோல் அப்படியில்லை. துணி சோப்பு அதைவிட மோசம். போர் தண்ணீரில் நுரைக்காமல் பிசுபிசுவென்று முடியில் ஒட்டிக்கொள்ளும். நாய் ஷாம்புவைத் தண்ணீரில் கரைத்து, கழுத்திலிருந்து பின்பக்கமாகத் தேயுங்கள். முகத்துக்கு ஈரத்துணி போதும், காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது. மருந்து ஷாம்பு என்றால் பொதுவாகப் பத்து நிமிடமாவது ஊற வேண்டும். முதுகில் விடும் உண்ணி மருந்து போட்டிருந்தால் முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டாதீர்கள்.

வீட்டுத் தண்ணீர் உப்பாக இருந்தால் முதல் அலசலுக்கு அதுவே இருக்கட்டும், கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் எடுங்கள். 20 லிட்டர் கேனில் பாதி, சின்ன நாய்க்குத் தாராளம். குடிக்கிற தண்ணீரை நாய்க்கு ஊற்றுவதா என்று வீட்டில் கேட்பார்கள். மாதம் ஒரு முறைதான் என்று சொல்லுங்கள்; அதற்குமேல் அடிக்கடி குளிப்பாட்டத் தேவையும் இல்லை.

குளியலைவிடத் துவட்டுவதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். துண்டால் அழுத்தி ஒற்றுங்கள். பரபரவென்று தேய்த்தால் எடுத்த சிக்கு திரும்ப விழும். இந்தக் கடலோரக் காற்றில் மேல்முடி காய்ந்து பளபளக்கும்போதும் உள்முடி ஈரமாகவே இருக்கும், அங்கேதான் தோல் வெந்து நாற்றமெடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இன்னும் மோசம்; மூட்டம் போட்ட நாளில் குளியலைத் தள்ளிப்போடுங்கள், சீவிவிட்டாலே போதும். வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று மொட்டையடிக்கவும் வேண்டாம்; வெயில் நேராகத் தோலில் படாமல் காப்பதே அந்த முடிதான்.

காலையிலேயே குளிப்பாட்டி மின்விசிறிக்கு முன்னால் உட்கார வையுங்கள். மார்புப் பக்கம் முடியைப் பிரித்துத் தோலைத் தொடுங்கள். விரலுக்குச் சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை. முழுதாகக் காயும்வரை வாசல் கதவைச் சாத்தியே வையுங்கள். திறந்தால் நேராக மணலுக்குத்தான் புரள ஓடும்.