பட்டா நிலத்தில் யானை வழி: சட்டம் எதைத் தடுக்கிறது, எதை விட்டுவிடுகிறது?

நீலகிரி மலையின் வடக்குச் சரிவு இறங்கி முடியும் இடத்தில் சீகூர் பீடபூமி தொடங்குகிறது. தெற்கே செங்குத்தான மலை. வடக்கே மாயாறு அரித்துப்போட்ட ஆழமான பள்ளத்தாக்கு. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய சமவெளியில்தான் மசினகுடி, மாவனல்லா, வாழைத்தோட்டம், பொக்காபுரம் முதலிய ஊர்கள் இருக்கின்றன. முதுமலைக்கும் சத்தியமங்கலம் காடுகளுக்கும் இடையே யானைகள் போய்வருவதும் இதே சமவெளி வழியாகத்தான். மலையேறிச் சுற்றிப் போகவோ பள்ளத்தாக்கில் இறங்கிக் கடக்கவோ பெரும்பாலான இடங்களில் அவற்றால் முடியாது.

இந்த நிலத்தின் ஒரு பகுதியை யானை வழித்தடம் என்று தமிழக அரசு 2010 ஆகஸ்டில் அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2011-இலும், உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 14-இலும் அதை உறுதிசெய்தன. அந்த நிலத்தில் பட்டாதாரர்கள் இருந்தார்கள், விடுதிகளும் இருந்தன. அழியும் நிலையில் உள்ள ஓர் உயிரினத்தின் வாழிடத்தைச் சட்டம் காக்கும்போது, நிலத்தின் சொந்தக்காரருக்கு என்ன ஆகிறது?

வழி ஏன் முக்கியம்?

வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீவனம் தேவை. கோடையில் ஒரு காடு வறண்டால் இன்னொரு காட்டுக்குப் போயாக வேண்டும். ஆசிய யானைகள் மிக அதிக எண்ணிக்கையில் வாழும் நிலப்பரப்பு, மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் சந்திக்கும் இந்தப் பகுதி. சீகூர் அடைபட்டால் கூட்டங்கள் துண்டுபட்டு, தமக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்து நலியும். வழி கிடைக்காத யானை வயலுக்குள் இறங்கும். அதன் விலையை விவசாயி கொடுப்பார்.

சட்டத்தின் மூன்று அடுக்குகள்

முதல் அடுக்கு சரணாலயமும் தேசியப் பூங்காவும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அங்கே நில உரிமை கோருவோரை மாவட்ட ஆட்சியர் விசாரிக்க வேண்டும். நிலத்தை எடுத்தால் இழப்பீடு உண்டு.

இரண்டாவது அடுக்கு புலிகள் காப்பகம். அதன் உள்பகுதியிலிருந்து வெளியேறச் சம்மதிக்கும் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் தரும் திட்டம் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்தின்படி, பழங்குடிகளின் உரிமைகளை முதலில் அங்கீகரிக்காமல் அவர்களை அங்கிருந்து நகர்த்தக் கூடாது.

மூன்றாவது அடுக்கு காப்பகங்களுக்கு வெளியே உள்ள இணைப்பு நிலம். சிக்கல் இங்கேதான். ஒரு காப்பகத்தை இன்னொன்றோடு இணைக்கும் நிலத்தைக் காக்க 2006-இல் வனவிலங்குச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. அது புலிகள் காப்பகங்களை மையமாக வைத்து எழுதப்பட்டது. யானை வழித்தடத்தை எப்படி வரையறுப்பது, அதற்குள் சிக்கும் பட்டாதாரருக்கு என்ன தருவது என்று விரிவாகச் சொல்லும் தனிச் சட்டம் இல்லை. அதனால் மாநில அரசுகள் வேறு சட்டங்களின் துணையை நாடுகின்றன. தமிழகத்தில் அப்படிக் கைகொடுப்பது 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம்.

அந்தச் சட்டம் நிலத்தைப் பறிப்பதில்லை. பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். ஆனால் விற்கவும் அடமானம் வைக்கவும் மரம் வெட்டவும் அனுமதி வாங்க வேண்டும். மலைப்பகுதிகளில் வீடு கட்டவும் தனியே அனுமதி தேவை. நிலத்தில் என்ன செய்யலாம் என்ற வட்டம் சுருங்கச் சுருங்க அதன் சந்தை விலையும் சுருங்குகிறது. கையகப்படுத்தாததால் இழப்பீடும் இல்லை.

சீகூரில் நடந்தது

விடுதிக்காரர்கள் பலர் தங்கள் தொழில் பாதிக்கப்படுவதாக வாதிட்டார்கள். குடியிருப்புக்கு அனுமதி வாங்கி விடுதி நடத்தியது, மின்வேலி போட்டது போன்ற மீறல்கள் வழக்கில் பேசப்பட்டன. 2018-இலேயே உச்ச நீதிமன்ற உத்தரவின்படி பல விடுதிகளுக்குச் சீல் வைக்கப்பட்டது. 2021 ஜனவரியில், மசினகுடியில் ஒரு தங்கும் விடுதிப் பக்கம் வந்த யானைமீது எரியும் பொருள் வீசப்பட்டது. காதில் தீக்காயம்பட்ட அந்த யானை இறந்துபோனது. வழித்தடத்தில் விடுதிகள் ஏன் கூடாது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை.

ஆனால் 2020 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றையும் கவனித்தது. உயர் நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு பரிந்துரைத்த பரப்பும், அரசாணையில் இருக்கும் பரப்பும் வேறுபடுகின்றன என்று நில உரிமையாளர்கள் புகார் சொன்னார்கள். அதையும் சீல் வைத்ததில் தவறு நடந்ததா என்பதையும் விசாரிக்க, ஓய்வுபெற்ற நீதிபதி கே. வெங்கட்ராமன் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்துத்தான் தனி மனிதரின் குறையைக் கேட்க ஓர் இடம் கிடைத்தது.

சுமை யார்மீது?

பத்து ஆண்டு வழக்கு நடத்த விடுதி முதலாளியால் முடியும். மாடு மேய்த்தும் கூலி வேலை பார்த்தும் பிழைப்பவர், அரை ஏக்கரை விற்று மகளுக்குக் கல்யாணம் செய்ய நினைத்தவர் என்ன செய்வார்? தன் சர்வே எண் வழித்தடத்தின் எல்லைக்கோட்டுக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று தெரியாமல் காத்திருப்பதே அவருக்குப் பெரிய இழப்பு.

ஒரே அளவுகோலை எல்லா இடத்திலும் வைத்தால் என்னவாகும் என்பதையும் பார்த்தோம். ஒவ்வொரு தேசியப் பூங்காவையும் சரணாலயத்தையும் சுற்றிக் குறைந்தது ஒரு கிலோமீட்டர் சூழல் உணர்திறன் மண்டலம் வேண்டும் என்று 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கேரளத்திலும் கூடலூரிலும் மக்கள் கொதித்தார்கள். 2023 ஏப்ரலில் நீதிமன்றமே அதைத் தளர்த்தியது. 2024-இல் தமிழகத்தில் 42 யானை வழித்தடங்களை அடையாளம் கண்ட வரைவு அறிக்கை வெளியானபோதும், கருத்துச் சொல்லச் சில நாள்களே தரப்பட்டதால் எதிர்ப்பு கிளம்பியது.

வேறு வழி உண்டு

வயநாட்டின் திருநெல்லி–குத்ரகோட் வழித்தடத்தில் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை நிலத்தை விலை கொடுத்து வாங்கியது. அங்கிருந்த குடும்பங்களை அவர்கள் சம்மதத்துடன் வேறிடத்தில் குடியமர்த்தி, நிலத்தைக் கேரள வனத்துறையிடம் ஒப்படைத்தது. வழித்தடத்தின் ஒடுங்கிய இடங்களில் இது செலவு மிக்க வழி என்றாலும், பல்லாண்டு வழக்கைவிட நேர்மையானது.

சீகூர் யானைகளின் வழி திறந்தே இருக்க வேண்டும். அதில் பேரத்துக்கு இடமில்லை. அதற்காகவே கோடு தெளிவாக வரையப்பட வேண்டும். சர்வே எண்களின் பட்டியல் தமிழில் கிராம சபையில் வைக்கப்பட வேண்டும். ஆட்சேபங்களுக்குக் காலக்கெடுவுக்குள் பதில் வர வேண்டும். விற்கவும் கட்டவும் முடியாத சிறு பட்டாதாரரின் நிலத்தை அவர் விரும்பினால் நியாய விலைக்கு அரசே வாங்க வேண்டும். காடு நாடு முழுமைக்கும் பயன் தருகிறது. அதைக் காக்கும் செலவையும் நாடே ஏற்க வேண்டும்.