குழிக்குள் இறங்குகிறவர்

நீங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் கழிவுநீர்த் தொட்டியைக் கடைசியாகச் சுத்தம் செய்தவர் யார்? அவர் உள்ளே இறங்கினாரா?

மனச்சாட்சிக்கு விரோதமாக ஒன்றும் செய்வதில்லை என்று சொல்லிக்கொள்ளுகிறோம். பொய் சொல்லோம், குடியோம், கடனை ஏமாற்றோம். ஆனால் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், “இயந்திர வண்டிக்குச் செலவு அதிகம், இரண்டு ஆட்களை இறக்கினால் போதும்” என்று ஒருவர் சொல்லுகையில் தலையசைக்கிறோம். நானும் ஒருமுறை அப்படி மௌனமாயிருந்தேன். அன்று ஒருவரும் சாகவில்லை. அதனால் என் மௌனம் நியாயமாகிவிடவில்லை.

அக்குழிகளில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, அளவு மிகும்போது மோப்பசக்தியையே மரத்துப்போகச் செய்யும். ஆபத்தை உணருமுன் மனிதன் விழுகிறான். அவனைத் தூக்க இறங்கினவனும் விழுகிறான்.

பாதுகாப்புச் சாதனமின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. முதற்குற்றத்திற்கே 2 ஆண்டுவரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்திற்குரிய இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்திற்று. தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு அது எம்மாத்திரம்!

பார்வோனை எதிர்த்த சிப்பிராளும் பூவாளும் படை திரட்டவில்லை. தங்கள் கையால் நடக்கவேண்டிய கொலையைச் செய்யாமல் விட்டார்கள்.

பிழைக்கவந்த ஊரில் வாய்திறந்தால் வாடகை வீடு போய்விடுமோ என்ற அச்சம் உமக்கு இருக்கலாம். அதை நான் இகழேன். ஆயினும் அடுத்த கூட்டத்தில் இதைமட்டும் கேளுங்கள்: வண்டி வருமா, ஆள் இறங்குவாரா?