18 இஞ்சுக்கு 18 அடி

என் கைப்பையில் எப்போதும் இஞ்சு டேப் இருக்கும். தையல்காரியிடம் அது இருப்பதில் வியப்பில்லை. ஆனால் கடையை விட்டு வெளியே வந்தால் நான் அதை வைத்து அளப்பது படிகளை.

இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து கால்கள் இரண்டும் சூம்பிப்போயின. பள்ளிக்கூடக் காலம் முழுக்கக் காலிப்பர் மாட்டிக் கட்டைகளை ஊன்றி நடந்தேன். நாற்பதைத் தாண்டியதும் தோள்பட்டை தாங்கவில்லை. இப்போது சக்கர நாற்காலிதான். திண்டுக்கல் பக்கம் ஒரு சிற்றூரில் கடை. ரவிக்கை, சுடிதார், ஜூன் மாதம் வந்தால் பள்ளிச் சீருடை.

அப்பா வீட்டைப் பெயர் மாற்றும் வேலையாக ஓர் அரசு அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. வாசலில் மூன்று படி. "நாலு பேரு தூக்கி விட்டுடுறோம்க்கா, கவலைப்படாதீங்க" என்று அங்கிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். நல்ல மனிதர்கள், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் முன்பின் தெரியாத நான்கு ஆண்கள் ஒரு பெண்ணைத் தூக்கும்போது யார் கை எங்கே படும், சேலை எங்கே விலகும் என்று உடம்பெல்லாம் கூசும். மேலே போனதும் சிரித்த முகத்தோடு நன்றி சொல்ல வேண்டும். கீழே இறக்கிவிட்டதும் இன்னொரு நன்றி. ஆதார் நகல் எடுத்து வா, முத்திரைத்தாள் வாங்கி வா என்று அன்றைக்கு மூன்று முறை என்னை ஏற்றி இறக்கினார்கள்.

அடுத்த வருடம் அங்கே சாய்தளம் கட்டியதாகக் கேள்விப்பட்டுச் சந்தோஷமாகப் போனேன். பாதி ஏறுவதற்குள் முன்சக்கரங்கள் அந்தரத்தில் தூக்கிக்கொண்டன. பின்னால் வந்த அக்கா மகன் பிடித்திருக்காவிட்டால் மண்டை உடைந்திருக்கும். நெஞ்சு படபடப்பு அடங்கியபிறகு டேப்பை எடுத்து அவனை அளக்கச் சொன்னேன். படிகளின் மொத்த உயரம் 18 இஞ்சு. சாய்தளத்தின் நீளம் 5 அடி.

கணக்கு எளிதானது. ஓர் இஞ்சு உயரத்துக்கு ஓர் அடி நீளம். பொறியாளர்கள் இதை ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பார்கள். 18 இஞ்சு ஏற 18 அடி வேண்டும். அவ்வளவு நீளத்துக்கு இடமில்லை என்றால் மடக்கிக் கட்டலாம். ஆனால் மடங்குகிற இடத்தில் நாற்காலி நின்று திரும்ப, 5 அடிக்கு 5 அடி சமதளம் விட வேண்டும். அகலம் 4 அடி, இரண்டு பக்கமும் கைப்பிடி, வழுக்காத தரை. பளபளக்கும் டைல்ஸ் ஒட்டிய சாய்தளங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மழை நாளில் அவை படியைவிட ஆபத்து.

இதையெல்லாம் கேட்க எனக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 2016-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். 1995-ஆம் வருடத்துப் பழைய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, இதில் 21. அரசு வேலையில் இடஒதுக்கீடு 3 சதவீதத்திலிருந்து 4 ஆனது. ஆனால் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது, மாற்றுத்திறனாளி யார் என்று அது சொல்லும் விளக்கம். நீண்டகாலக் குறைபாடு உள்ள ஒருவர், எதிரே இருக்கும் தடைகளால் மற்றவர்களுக்குச் சமமாகச் சமூகத்தில் பங்கேற்க முடியாமல் போகிறார் என்கிறது. சூம்பிய காலை மட்டும் பார்க்காமல் வாசற்படியையும் சேர்த்துப் பார்த்த சட்டம் அது. எங்கள் தொழிலில் இது தெரிந்த சங்கதிதான். ரவிக்கை பிடித்தால் தையலைப் பிரிப்போம். தோளைச் செதுக்க மாட்டோம்.

பொதுமக்கள் வந்துபோகும் கட்டடம் எதுவானாலும், அரசுடையதோ தனியாருடையதோ, இந்தச் சட்டத்துக்குள் வரும். அளவுகளைப் பின்பற்றாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி தரக்கூடாது என்கிறது 44-ஆம் பிரிவு. பழைய கட்டடங்களைச் சரிசெய்ய 45-ஆம் பிரிவு ஐந்து ஆண்டு கொடுத்தது. அந்தக் கெடு 2022 ஜூனோடு முடிந்தது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். அடுத்த முறை 50,000-இலிருந்து 5 லட்சம் வரை.

இவ்வளவு இருந்தும் ஏன் நடக்கவில்லை? சட்டம் கட்டாயம் என்றது. அதன்கீழ் அரசு வகுத்த விதி, அளவுகளை வெறும் வழிகாட்டுதலாக விட்டுவைத்தது. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதி சட்டத்துக்கே முரணானது என்று தீர்ப்பளித்தது. கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கவும் உத்தரவிட்டது. அந்த வழக்குக்காக ஐதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்து மையம் தயாரித்த அறிக்கையின் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'எல்லாருக்குமான அளவுகளைத் தேடி'. தையல்காரிக்கு வேறென்ன வேண்டும்! அன்று கடைக்கு வந்த எல்லாரிடமும் அதைச் சொன்னேன்.

அந்த 5 அடி சாய்தளத்தைப் பற்றி, அளவுகளை எழுதிப் புகைப்படமும் வைத்து, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனு அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து அதை இடித்தார்கள். முன்பு கட்டிய கொத்தனாரே கடை தேடி வந்தார், சின்னப் பையன். "என்கிட்ட யாரும் அளவு சொல்லலக்கா. ஒரு சரிவு போட்டுவிடுன்னாங்க, போட்டேன்" என்றார். அவர் மேல் எனக்கு ஒரு துளி கோபமும் வரவில்லை. சீருடைத் துணி வெட்டும் மேஜையில் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டினேன். ஒன்பதடி, ஒரு சமதளம், மறுபடி ஒன்பதடி. தன் டேப்பில் இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டு போனார்.

போன மாதம் வில்லங்கச் சான்று வாங்க அந்த அலுவலகத்துக்குத் தனியாகப் போனேன். ஏறினேன், வாங்கினேன், இறங்கினேன். யாரும் என்னைத் தொடவில்லை.

நீங்கள் கடையோ மண்டபமோ கட்டுகிறவராக இருந்தால், வாசல் எத்தனை இஞ்சு உயரம் என்று தளம் போடுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். அத்தனை அடி நீளம் வேண்டும் என்று கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள்.