சுவீடனும் ஐரோப்பாவும் – உயிர்ப்பொருள் எரிசக்தி ஓர் ஒப்பீடு

விறகு, மரத்தூள், வைக்கோல், சாணம் போன்ற பொருள்களிலிருந்து பெறும் ஆற்றலை உயிர்ப்பொருள் எரிசக்தி என்கிறோம். மனிதன் முதன்முதலில் மூட்டிய தீயே இதன் தொடக்கம். நிலக்கரியும் பெட்ரோலியமும் வந்தபின் பின்தங்கிய இச்சக்தி இன்று மீண்டும் மதிப்புப் பெற்றுள்ளது. இத்துறையில் சுவீடனையும், 1995 முதல் அந்நாடு அங்கம் வகிக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தையும் ஒப்பிட்டுக் காண்போம்.

27 நாடுகள் அடங்கிய ஒன்றியத்தின் மக்கள் தொகை சுமார் 45 கோடி. சுவீடனின் மக்கள் தொகையோ ஒரு கோடியைச் சற்றே தாண்டும். 2023-ஆம் ஆண்டில் ஒன்றியம் பயன்படுத்திய எரிசக்தியில் ஏறத்தாழ 24.5 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து கிடைத்தது. சுவீடனில் இது 66 விழுக்காடு. உயிர்ப்பொருளை மட்டும் கணக்கிட்டால், ஒன்றியத்தின் தேவையில் ஏழெட்டில் ஒரு பங்கையும், சுவீடனின் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் அது நிறைவு செய்கிறது. எனினும் மொத்த அளவில் ஜெர்மனியே முதலிடம் வகிக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால்தான் பின்லாந்தும் சுவீடனும் முன்னிற்கின்றன. எனவே எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொண்ட பின்னரே ஒப்பிட வேண்டும்.

சுவீடனின் உயர்வுக்குக் காரணங்கள் யாவை? நாட்டின் பரப்பில் சுமார் 70 விழுக்காடு காடு. ஒன்றியம் முழுவதற்கும் இது ஐந்தில் இரண்டு பங்கே. ஆனால் காடு மட்டுமே காரணமன்று. அங்கு மரங்கள் பெரும்பாலும் பலகைக்கும் காகிதத்துக்குமே வெட்டப்படுகின்றன. எஞ்சும் பட்டை, தூள், கிளைகள், காகிதக்கூழ் ஆலையில் மிஞ்சும் கரிய குழம்பு ஆகியவையே கொதிகலன்களுக்குச் செல்கின்றன.

1970-ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் எரிசக்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கை எண்ணெயே தந்தது. 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி அந்நிலையை மாற்றத் தூண்டியது. ஓரிடத்தில் நீரைச் சூடாக்கி, குழாய்கள் வழியே நகரின் வீடுகளுக்கு அனுப்பிக் குளிரைப் போக்கும் முறை அங்கு ஏற்கெனவே பரவியிருந்தது. அதில் எண்ணெய்க்குப் பதிலாக மரக்கழிவை எரிக்கும் முறையை வெக்ஷோ நகரம் 1980-இல் தொடங்கியது. 1991-இல் விதிக்கப்பட்ட கரியமில வாயு வரி நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றின் விலையை உயர்த்தியது. உயிர்ப்பொருளுக்கு அவ்வரி இல்லை.

ஒன்றியத்தின் பிற நாடுகளில் நிலைமை வேறு. ஜெர்மனியில் மக்காச்சோளத்தையும் சாணத்தையும் கொண்டு இயங்கும் சாண எரிவாயு நிலையங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஆனால் மக்காச்சோளத்துக்கு விளைநிலம் வேண்டும். டென்மார்க் தன் வைக்கோலை எரிக்கிறது. அது போதாமல் மரத்தூள் வில்லைகளை இறக்குமதியும் செய்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. மரம் எரியும்போது கரியமில வாயு உடனே வெளியேறுகிறது. அதனை ஈடுசெய்ய வேண்டிய மரம் வடநாட்டுக் குளிரில் முதிர்வதற்கு 60 முதல் 100 ஆண்டுகள் ஆகும். ஐரோப்பியக் காடுகள் கரியமில வாயுவை உறிஞ்சும் அளவு அண்மை ஆண்டுகளில் குறைந்தும் வருகிறது. இதனை எண்ணியே, பலகைக்குத் தகுந்த மரங்களையும் வேர்களையும் எரிப்பதற்கு உதவித்தொகை தருவதை 2023-ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டம் கட்டுப்படுத்தியது.

சுவீடனைப் பின்பற்ற விரும்பும் நாடு முதலில் கவனிக்க வேண்டியது அதன் கழிவுப் பயன்பாட்டையும், வெப்பக் குழாய்களையும், வரிக் கொள்கையையுமே. அவற்றை விடுத்து விழுக்காட்டை மட்டும் எட்ட முயன்றால், எண்ணெய்க்கு ஈடாகக் காட்டை இழக்க நேரும்.