சமூகப் பயனைக் கணக்கிடும் மென்பொருள்: வாங்குவதா, நாமே எழுதுவதா?

போன மாதம் காலேஜ் நண்பன் ஒருத்தன் லீட்ஸிலிருந்து கூப்பிட்டான். கவுன்சில் கட்டடங்கள், பள்ளிக்கூடங்களுக்குப் பராமரிப்பு வேலை எடுத்துச் செய்யும் ஒரு நடுத்தர கம்பெனியில் ஐடி முழுக்க அவன் பொறுப்பு.

"சோஷியல் வேல்யூ சாஃப்ட்வேர் ஒண்ணு வாங்கச் சொல்றாங்கடா. டெமோ பார்த்தேன். நாலு ஃபார்ம், ஒரு பெருக்கல், ஒரு டாஷ்போர்டு. இதுக்கு வருஷா வருஷம் சந்தாவா? நாமளே எழுதினா மூணு வாரம்."

எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. இருபது வருஷமா புரோகிராம் எழுதறவனுக்கு எதைப் பார்த்தாலும் மூணு வார வேலையாத்தான் தெரியும். ரெண்டு வாரம் உட்கார்ந்து படித்த பிறகு அவனுக்குச் சொன்னதை இங்கே குறிப்பாக எழுதி வைக்கிறேன்.

முதலில் பின்னணி. பிரிட்டனில் 2012ல் ஒரு சட்டம் வந்தது, 2013 ஜனவரி 31 முதல் அமல். அரசு அமைப்புகள் ஒரு சேவையை வெளியில் கொடுக்கும்போது விலையை மட்டும் பார்க்காமல், அந்தப் பகுதியின் பொருளாதார, சமூக, சுற்றுச்சூழல் நலனுக்கு அதனால் என்ன கிடைக்கும் என்பதையும் யோசித்துப் பார்க்க வேண்டும் என்றது. யோசித்தால் போதும், அவ்வளவுதான் சட்டம். 2021 ஜனவரி 1 முதல் மத்திய அரசுத் துறைகளுக்கு இது இறுகியது. டெண்டர் மதிப்பெண்ணில் குறைந்தது 10 சதவீதம் இதற்கு ஒதுக்க வேண்டும் என்று வந்தது.

அதனால் டெண்டர் போடும் கம்பெனிகள் வாக்குறுதி கொடுக்கின்றன. நீண்ட நாள் வேலையில்லாத உள்ளூர்க்காரர் நாலு பேருக்கு வேலை, பள்ளிக்கூடத்தில் இத்தனை மணி நேரம் தொழில் வழிகாட்டல், இப்படி. இவற்றைப் பவுண்டாக மாற்றிக் காட்டும் அளவுகோல்கள் உண்டு. கவுன்சில்கள் நிறையப் பயன்படுத்துவது 2017ல் வந்த நேஷனல் டாம்ஸ். ஒவ்வொரு செயலுக்கும் ஓர் அலகு, ஓர் அலகுக்கு ஒரு பண மதிப்பு. நண்பன் டெமோவில் பார்த்த பெருக்கல் இதுதான்.

சரி, இதுல என்ன சிக்கல்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புரிவதற்காக, ஒருவருக்கு ஒரு வருஷ முழுநேர வேலை கொடுத்தால் மதிப்பு 20,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வாரத்தில் மூணு நாள் வேலை செய்கிறார், அதாவது 0.6. ஏழு மாதத்தில் விலகிவிடுகிறார். 20,000 × 0.6 × 7/12 = 7,000 பவுண்டு. பெருக்கலை எழுத அரை நாள் போதும்.

இப்போ கேள்விகள். அவர் ஒரே நேரத்தில் ரெண்டு கவுன்சில் வேலைகளுக்குப் போனால் இரண்டு அறிக்கையிலும் 7,000 வருமா? நம்ம கம்பெனி இல்லாவிட்டாலும் அவருக்கு வேறு வேலை கிடைத்திருக்குமா? அவர் "நீண்ட நாள் வேலையில்லாதவர்" என்பதற்கு என்ன அத்தாட்சி, அதை யார் எப்போது பார்த்தார்கள்? டாஷ்போர்டுக்கு இதெல்லாம் தெரியாது. உள்ளே போட்டதைப் பெருக்கிக் காட்டும்.

அடுத்த சிக்கல், அளவுகோல் மாறிக்கொண்டே இருக்கும். மத்திய அரசின் 2021 மாதிரிக்குப் பதிலாக 2025 பிப்ரவரியில் புதுசு வந்தது, அக்டோபர் 1 முதல் புதிய கொள்முதல்களுக்குக் கட்டாயம். ஒப்பந்தங்களோ மூணு வருஷம், அஞ்சு வருஷம் ஓடும். பழைய ஒப்பந்தத்துக்குப் பழைய அளவுகோல், புதுசுக்குப் புதுசு, இரண்டும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும். மதிப்பை நேரடியாகப் புரோகிராமில் எழுதி வைத்தவன் அன்றைக்குத் தலையில் கை வைப்பான். இன்னொன்று, இந்த மதிப்புப் பட்டியல்களில் சிலதுக்கு உரிமம் வேண்டும். பார்த்து டைப் பண்ணி நம்ம டேட்டாபேஸில் போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்புவதற்கு முன் உரிம விதியைப் படிக்கணும்.

ஆக, "மூணு வாரம்" என்பது முதல் வெர்ஷனுக்கு மட்டும். பிறகு ஒவ்வொரு மாற்றத்தையும் பின்தொடர ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் வேலையை விட்டுப் போனால் நண்பன் கதி அதோகதி.

அப்போ வாங்கிடலாமா? அவசரப்பட வேண்டாம். அந்த எண்ணை யார் படிக்கப் போகிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். மத்திய அரசு டெண்டர்களில் இதை மதிப்பிடும்போது எத்தனை பவுண்டு என்று கூட்டிப் பார்ப்பதில்லை. எப்படிச் செய்வாய், எப்படிக் கண்காணிப்பாய் என்ற விளக்கத்தின் தரத்துக்குத்தான் மதிப்பெண். அங்கே கால்குலேட்டருக்கு வேலையே இல்லை. சில கவுன்சில்கள் இந்தத் தளத்தில்தான் பதிய வேண்டும் என்று டெண்டரிலேயே சொல்லிவிடும். அங்கே நமக்குத் தேர்வே கிடையாது. நண்பனிடம் கேட்டேன், "உன் கம்பெனிக்கு எந்த டெண்டர் அதிகம்?" அவனுக்குத் தெரியவில்லை. விற்பனைப் பிரிவில் விசாரித்துவிட்டு வந்தான். நடப்பு ஒப்பந்தங்கள் ஆறில் மூன்று, தளம் ஏற்கெனவே முடிவானவை.

வாங்குவதா எழுதுவதா என்று மொத்தமாகக் கேட்பதுதான் தப்பு என்று எனக்குப் பட்டது. இந்த மென்பொருள் ஒரே பொருள் இல்லை, நாலு பொருள்.

ஒன்று, அளவுகோல். இதை நாம் உருவாக்கவே கூடாது. நமக்கு நாமே மார்க் போட்டுக்கொண்ட மாதிரி ஆகிவிடும், கவுன்சில் ஏற்காது.

இரண்டு, பெருக்கலும் அறிக்கையும். வாங்கலாம், அல்லது கவுன்சில் சொன்ன தளத்தில் போடலாம். நாளைக்கு வேறு கம்பெனிக்கு மாறினாலும் நஷ்டம் குறைவு.

மூன்று, நடந்ததற்கான பதிவேடு. யார், எந்த ஒப்பந்தம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அத்தாட்சி எங்கே, யார் சரிபார்த்தது. இது நம்மிடம்தான் இருக்க வேண்டும். அளவுகோல் மாறினாலும் மறுபடி கணக்குப் போட இது போதும். சந்தா முடிந்த பிறகு கையில் வெறும் பிடிஎஃப்பும் "மொத்தம் இத்தனை லட்சம் பவுண்டு" என்ற ஒரு வரியும் மட்டும் மிஞ்சினால், யாராவது ஆடிட்டுக்கு வரும்போது காட்ட ஒன்றும் இருக்காது.

நான்கு, ஆட்களின் அந்தரங்கம். ஒருவர் சிறையிலிருந்து வந்தவர், இன்னொருவர் மாற்றுத்திறனாளி. வாக்குறுதியை நிரூபிக்க இந்த விவரம் தேவைப்படும், ஆனால் அங்குள்ள தகவல் பாதுகாப்புச் சட்டம் இப்படிப்பட்ட தகவலுக்குக் கூடுதல் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. வெளித் தளத்துக்கு ஒரு எண் மட்டும் போகட்டும், பெயரும் காரணமும் ஹெச்.ஆர். பூட்டுக்குள் இருக்கட்டும் என்றேன்.

விற்க வருபவரிடம் டெமோவிலேயே கேட்க மூணு கேள்வியும் எழுதிக் கொடுத்தேன். மூலப் பதிவு முழுவதையும், அத்தாட்சிக் கோப்புகளோடு, இப்போதே எடுத்துக் காட்ட முடியுமா? பழைய ஒப்பந்தம் பழைய மதிப்பிலேயே நிற்குமா? ஒரே ஆளை இரண்டு ஒப்பந்தத்தில் போட்டால் எச்சரிக்குமா? கிராஃப் எல்லாம் இதுக்கு அப்புறம்.

நண்பன் ஒன்பது காலம் உள்ள ஒரு பதிவேடு தயார் பண்ணினான். மூணு வாரம் இல்லை, ரெண்டு நாள். பழைய ஒப்பந்தம் ஒன்றை அதில் ஏற்றிப் பார்த்துவிட்டு ராத்திரி கூப்பிட்டான், குரல் இறங்கியிருந்தது.

"நாலு பேருக்கு வேலை கொடுத்தோம்னு போன வருஷம் ரிப்போர்ட் போயிருக்குடா. எண்ணிப் பார்த்தா மூணு பேர்தான். ஒருத்தரையே ரெண்டு தடவை போட்டிருக்காங்க."

வேணும்னே செய்ததில்லை. இரண்டு மேனேஜர்கள், இரண்டு எக்செல், அவ்வளவுதான். ஆனால் அந்த நாலாவது வேலை ஊரில் யாரோ ஒருவருக்குப் போயிருக்க வேண்டியது. எந்த மென்பொருளை வாங்கியிருந்தாலும் அந்த நாலை அழகான வண்ணத்தில் நாலாகவே காட்டியிருக்கும்.

மேலதிகாரியிடம் சொன்னானாம். முதலில் முகம் சுளித்தாராம், அப்புறம் கவுன்சிலுக்குத் திருத்தம் அனுப்பச் சொல்லிவிட்டார். ஒப்பந்தத்தில் இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, நாலாவது ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். சந்தாவைப் பற்றி அதுக்கப்புறம் யோசிப்பானாம்.