உண்மையில் 5.4.5

பொதுத்துறைக்கென்று திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டம் ஒன்றை 2004-ஆம் ஆண்டிலேயே மலேசிய அரசு அமைப்பான மாம்பு வகுத்த நாடு இது என்பதால், பூச்சோங் கடைவீட்டு மாடியில் கணக்கு அலுவலகம் நடத்துகிறவர்கூட லினக்ஸ் கணினி ஒன்றை வைத்திருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்த லினக்ஸ் ஒரே கம்பெனியின் சரக்கு அன்று என்பதையும், டெபியன் போன்ற களஞ்சியங்களில் பல்லாயிரம் பொதிகள் சேகரிக்கப்பட்டு, மூல ஆசிரியர்களின் புதுப்பதிப்புகளைப் பராமரிப்பாளர்கள் பரீட்சித்துக் கட்டி வழங்குவதால்தான் அது வந்து சேருகிறது என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

பொதிகள் சுருக்கப்பட்டே வருகின்றன. ஆகவே சுருக்கும் கருவி தானும் ஒரு பொதியாக இருந்துகொண்டு, மற்றப் பொதிகளைத் திறக்கும் சாவியாகவும் இருக்கிறது. அத்தகைய எக்ஸ்இசட் என்னும் கருவியைப் பின்லாந்துக்காரரான லாஸ்ஸே காலின் சம்பளமின்றி, ஓய்வுநேரத்தில் பேணிவந்தார். 2022-இல் அவர் தம் நலிவைச் சொல்லித் தாமதத்துக்குச் சமாதானம் கூறியபோது, முன்பின் அறியாத பெயர்களில் சிலர் நச்சரித்தார்கள். அதே காலத்தில் ஜியா தான் என்ற பெயரில் ஒருவர் பணிவாகத் திருத்தங்களை அனுப்பி, நம்பிக்கையைச் சம்பாதித்து, இணைப் பராமரிப்பாளராகவே ஆகிவிட்டார். அவருடைய பதிவுகளில் காணும் நேரம் பெரும்பாலும் நம் கோலாலம்பூர்க் கடிகாரத்தின் நேரம். சிற்சில இடங்களில் கிழக்கு ஐரோப்பிய நேரம் எட்டிப்பார்ப்பதால், அதுவும் வேஷமே என்று ஆராய்ந்தவர்கள் ஊகிக்கிறார்கள்.

2024 பிப்ரவரியில் ஜியா தானின் கைவழியே வெளிவந்த எக்ஸ்இசட் 5.6.0 பதிப்பிலும், மார்ச்சில் வந்த 5.6.1-இலும் விஷம் இருந்தது. அதை ஒளித்த இடத்தில்தான் சாமர்த்தியம்: பழுதான கோப்புகளைக் கருவி சமாளிக்கிறதா என்று சோதிக்க, வேண்டுமென்றே கெடுத்த கோப்புகளை உடன்வைப்பது இத்தொழிலில் வழக்கமாதலால், அவற்றுக்குள் என்ன இருக்கிறதென்று எவரும் பிரித்துப் பார்ப்பதில்லை. டெப், ஆர்பிஎம் வகைப் பொதியாகக் கட்டும்போது மட்டுமே அது விழித்தெழுந்து, தூரத்திலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில் கள்ளவழி ஒன்றைப் பதித்தது. எஸ்எஸ்எச்சுக்கும் எக்ஸ்இசட்டுக்கும் நேர் சம்பந்தமே கிடையாது; சிஸ்டம்டி என்னும் நிர்வாக நிரலோடு பேசுவதற்காகச் சில களஞ்சியத்தார் தாமே போட்ட ஒட்டின் வழியாக அந்த உறவு ஏற்பட்டிருந்தது.

மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட், வேறேதோ அளவெடுக்கையில், சுமார் 0.3 வினாடியில் முடியவேண்டிய நுழைவு 0.8 வினாடி பிடிப்பதைக் கண்டு, துருவிப் பார்த்து, மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். டெபியனின் நிலைப்பதிப்பை விஷம் எட்டவில்லை. சோதனைக் கிளைகளோடு நின்றது.

பின்வாங்குவதிலும் ஒரு சிக்கல் இருந்தது. பதிப்பெண் ஏறினால்தான் பொதி நிர்வாகி அதைப் புதிதென்று ஏற்றுக்கொள்ளும். ஆகவே டெபியனார் மாற்றுப் பொதிக்கு ‘5.6.1+ரியலி5.4.5’ என்று எண் இட்டார்கள். வெளியே எண் உயர்ந்தது, உள்ளே இருந்ததோ பழைய சரக்கு.

இதனால் புதுப்பிக்காமல் இருப்பதே க்ஷேமம் என்று தீர்மானிப்பதும் விபரீதமே. இசட்லிப் என்ற மற்றொரு சுருக்கும் நூலகத்தில், 2018-இல் ஒரு பிழைக்குத் திருத்தம் எழுதப்பட்டும், அதைத் தாங்கிய 1.2.12 பதிப்பு 2022 மார்ச்சில்தான் வெளிவந்தது. அதுவரை பழுது எங்கும் பரவியிருந்தது. என் அபிப்பிராயத்தில், வேகத்தைவிட ஒப்புநோக்கும் பொறுமையே பராமரிப்பாளருக்கு வேண்டும்: எக்ஸ்இசட்டின் வெளியீட்டுக் கட்டில் இருந்த கட்டுமானக் கட்டளை ஒன்று, எல்லோரும் பார்க்கும் மூலத்தில் இல்லவே இல்லை.

காலின் விஷத்தை அகற்றி, 5.6.2 பதிப்பை 2024 மே 29 அன்று வெளியிட்டார். ஜூலையில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8, சிஸ்டம்டியோடு தானே நேராகப் பேசக் கற்றுக்கொண்டது. அந்த ஒட்டுக்கு அதன்பின் அவசியமில்லாமல் போயிற்று.