இரைச்சலினிடையே பேச்சைப் பதிவு செய்தல்

அலிப்பூர் பெல்வெடியர் வளாகத்திலுள்ள தேசிய நூலகத்தில் பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை சேர்த்த தமிழ் நூல்கள் தனித் தொகுதியாக வைக்கப்பட்டுள்ளன. ழகரம் பிறக்கும் முறையை அறிய விரும்புவோர் இலக்கண நூல்களை நாடினால், நாவின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தடவ அவ்வொலி பிறக்கும் என்று தொல்காப்பியர் கூறியிருப்பதைக் காணலாம். அவ்வேளையில் நாவின் பின்பகுதி என்ன செய்கிறது என்பதை வாய்க்குள் நோக்கியே அறிதல் வேண்டும்.

முன்னர் இதற்கு எக்ஸ்-கதிர்கள் பயன்பட்டன. அவற்றால் உடலுக்கு விளையக்கூடிய தீங்கு காந்த ஒத்திசைவுப் படக்கருவியில் (எம்.ஆர்.ஐ.) இல்லை. கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவில் ஆராய்ச்சி நடத்தும் ஸ்ரீகாந்த் நாராயணனும் அவர்தம் துணைவர்களும் ர, ற, ல, ள, ழ ஆகிய ஒலிகளை இக்கருவியின் துணைகொண்டு ஆராய்ந்து 1999-இல் முடிவுகளை வெளியிட்டனர். அக்காலத்தில் பேசுவோர் ஒரே ஒலியை நீட்டி நிறுத்த வேண்டியிருந்தது. பின்னர் ஓடும் பேச்சையே சலனப்படமாக எடுக்கும் முறை வந்தது. நாவசைவு தெரிந்தது, குரல்தான் கேட்கவில்லை.

காரணம் யாதெனில், கருவியின் பெருங்காந்தத்தினுள் வேறு சில கம்பிச் சுருள்களும் உள்ளன. இவற்றில் மின்னோட்டம் விரைந்து மாறும்பொழுது காந்த விசையால் அவை அதிர்கின்றன. ஒலிபெருக்கி இயங்குவதும் இவ்வாறே. இவ்விரைச்சல் 100 டெசிபலையும் கடக்கக்கூடும். சாதாரண ஒலிவாங்கியை உள்ளே கொண்டுசெல்லவும் இயலாது, 1.5 டெஸ்லா காந்தப் புலம் பூமியின் புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு வலியது. ஆதலின் உலோகமற்ற ஒளியிழை ஒலிவாங்கி வேண்டும். அதில் மெல்லிய தகடு அதிர, அதனின்று மீளும் ஒளி ஏறி இறங்குகிறது.

வாயருகே ஒன்றும், இரைச்சலை மட்டும் வாங்கச் சற்று அப்பால் ஒன்றுமாக இரண்டு ஒலிவாங்கிகளை அமைத்து, முன்னதினின்று பின்னதைக் கழிப்பது ஒரு வழி. ஆனால் குரல் இரண்டாவதிலும் சிறிது புகுவதால், கழிக்கும்பொழுது பேச்சும் சிதைகிறது. எரிக் பிரெஷ், நாராயணன் முதலியோர் 2006-இல் வெளியிட்ட முறை இதனினும் நுட்பமானது. விசைத்தறிக் கூடத்தில் தறியின் அடி தவறாமல் மீண்டும் மீண்டும் வருவதுபோல், இக்கருவியின் இரைச்சலும் ஒரே ஒழுங்கில் திரும்ப வருவது. அவ்வொழுங்கு முன்கூட்டியே தெரியுமாதலால், இரைச்சலின் மாதிரியைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். இதற்குப் படமும் ஒலியும் ஒரே கடிகாரத்திற்குக் கட்டுப்பட்டு இயங்குதல் இன்றியமையாதது.

இது வெறும் ஆய்வுக்கூட நுட்பமன்று. அண்ணப் பிளவுக்கு அறுவை செய்துகொண்ட சிறுவன் பேசும்பொழுது மென்னண்ணம் மூக்கு வழியை அடைக்கிறதா என்று பார்க்கிறோம் எனக் கொள்வோம். ஒலியும் படமும் நொடியில் பத்தில் ஒரு பங்கு விலகினாலும், ஓர் எழுத்தின் குறையை அடுத்த எழுத்தின்மீது ஏற்றிவிடுவோம்.

கழிக்க முடியாதனவும் உண்டு. பேரிரைச்சலில் எவரும் தம்மையறியாமலே குரலை உயர்த்துவர். சொல்லும் சற்று நீளும். இரைச்சலை நீக்கிய பின்னரும் இம்மாறுதல் பதிவில் தங்கிவிடுகிறது. மேலும், மல்லாந்து படுத்த நிலையில் நாக்கு தன் எடையால் தொண்டைப் பக்கம் சிறிது சாய்கிறது. இப்படங்களை வகுப்பில் காட்டும் ஆசிரியர்கள், நின்று பேசும் நாவும் இதுவும் முற்றிலும் ஒன்றல்ல என்பதை மாணவர்க்குச் சொல்லுதல் நலம்.